காப்பு அவிழும்வரை

என் மச்சான் சன்னாசி யாரையாவது பார்த்து, “சாப்பிட்டியா?” என்று கேட்டால் என் அக்கா குமுதா கையிலிருந்ததைப் போட்டுவிட்டு அவர் உடம்பை மேலும் கீழும் பார்ப்பாள். ஊரில் மற்றவர்களுக்கு அது சாதாரண விசாரிப்பு. எங்கள் வீட்டில் அப்படியில்லை. உடம்பில் எங்கேயாவது தாங்க முடியாத நோவு இருந்தால்தான் அந்த மனிதருக்கு அடுத்தவர் பசி ஞாபகம் வரும்.

இதை முதலில் கண்டுபிடித்தவள் அக்காதான். கல்யாணமான புதிதில் ஒரு நாள் வேலை முடிந்து வந்தவர், அவளிடம் சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறார். சாப்பிட்டேன் என்றாள். குளித்துவிட்டு வந்து மறுபடியும் கேட்டார். பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டார். தபால் கொண்டுவந்த மலாய்க்காரரைக் கேட்டார். வாசலில் படுத்திருந்த நாய் ஒன்றுதான் பாக்கி. புதுப்பெண்ணுக்கு ஒரே பூரிப்பு, இப்படியும் ஒரு பாசக்காரப் புருஷனா என்று. மறுநாள் துணி துவைக்கும்போதுதான் சட்டைக் கையில் ரத்தத்தைப் பார்த்தாள். செம்பனை மட்டையின் முள் உள்ளங்கையில் இறங்கி, உள்ளேயே முறிந்து கிடந்திருக்கிறது. கை பன் ரொட்டி மாதிரி வீங்கியிருந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, “என்னத்தச் சொல்றது? முள்ளுதானே லா,” என்றாராம்.

அவர் வளர்ந்த விதம் அப்படி. புக்கிட் ரோத்தானிலிருந்து ஜெராமுக்குப் போகும் பாதையில் உள்ளே ஒதுங்கிய, எண்ணெய்க்காகச் செம்பனை வளர்க்கும் ஒரு தோட்டம். அவர் அப்பா காலத்தில் அங்கே உடம்பு சரியில்லை என்று மருந்து தரும் டிரஸரிடம் போய் நின்றால், மறுநாள் காலையில் பெயர் கூப்பிடும் இடத்தில் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் எல்லார் முன்னாலும் நொண்டிக் காட்டுவான். ஆண்கள் சிரிப்பார்கள். பெண்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்தே காய்ச்சலோடு வேலைக்குப் போனவர்கள் பலர். அந்த மண்டோர் செத்துப் புல் முளைத்துப் பல வருஷமாகிறது. என் மச்சானுக்கு மட்டும் அவன் இன்னும் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான்.

நான் புவனேசன். அவர் வெட்டிப்போடும் செம்பனைக் குலைகளை லோரியில் ஏற்றி ஆலைக்குக் கொண்டுபோகிறவன். மச்சானும் மச்சினனும் ஒரே தோட்டத்தில் வேலை செய்தால் கேலிக்குப் பஞ்சமிருக்காது. “பேருதான் சன்னாசி, சோத்துல கை வெச்சா சம்சாரி,” என்பேன். “நீ ஸ்டியரிங்கப் புடிச்சு ஒக்காந்தே தின்னவன், ஒனக்கென்ன தெரியும்,” என்பார். நீண்ட கம்பின் நுனியில் அரிவாளை மாட்டி, அண்ணாந்து பார்த்தபடியே நாள் முழுக்கக் குலை வெட்டுகிறவருக்குக் கழுத்து நோகாதா, தோள் நோகாதா? ஒருநாளும் சொன்னதில்லை. நாங்களும் அதைப் பெருமையாகத்தான் பேசினோம். எங்கள் மச்சான் இரும்பு என்று நானே கள்ளுக்கடையில் சொல்லியிருக்கிறேன்.

அந்த இரும்பை நான் உடைந்து பார்த்தது ஒரே ஒரு தடவை. அக்காவுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்தபோது. அறுவை நடந்தது, மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது, சோறு இறங்கவில்லை. மச்சான் தனியாகத் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போய், மூன்று வருஷம் தொடர்ந்து தீ மிதிக்கிறேன், இவளை மட்டும் என்னிடம் விட்டுவிடு என்று வேண்டிக்கொண்டு வந்தார். அக்கா தேறினாள். முடி முளைத்தது. டாக்டர்கள் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள். மச்சான் டாக்டர்களைப் பாதி நம்பினார், மீதிப் பாதி ஆத்தாவுடையது. இரண்டு வருஷம் மிதித்துவிட்டார். இது மூன்றாவது வருஷம். இதை முடித்துவிட்டால் குமுதா தப்பித்தாள் என்று அவர் மனதில் கல்வெட்டாக எழுதிவைத்திருந்தார்.

எங்கள் கோயிலில் காப்புக் கட்டினால் கட்டுப்பாடு அதிகம். கவுச்சி கூடாது, சவரம் கூடாது. வாயையும் கட்ட வேண்டும். குழி நிறையக் கனன்றுகொண்டிருக்கும் நெருப்புக்கு எங்களவர்கள் வைத்திருக்கும் பெயர் பூ. காப்புக் கட்டியவன் அதை நெருப்பு என்று சொல்லக் கூடாது. சுடுகிறது என்று சொல்லக் கூடாது. நோகிறது, வலிக்கிறது என்ற பேச்சே வாயில் வரக் கூடாது. வந்தால், ஆத்தா என்னைக் காப்பாற்றவில்லை என்று அவனே சாட்சி சொன்னதாக ஆகிவிடும். வேண்டுதல் அந்த இடத்திலேயே விழுந்துவிடும். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்டால் சரியாகப் பதில் சொல்ல வராது. அவருக்கு இருந்தது. அதுதான் இங்கே முக்கியம்.

காப்புக் கட்டிய அடுத்த வாரம், ஞாயிற்றுக்கிழமை தீமிதி என்று இருக்கும்போது, அது நடந்தது. ஆள் பற்றாக்குறை என்று மானேஜர் கேட்டதால் விரதத்தோடு வேலைக்கு வந்திருந்தார். நான் லோரியைப் பாதையோரம் நிறுத்திவிட்டுக் குலைகளை ஏற்றிக்கொண்டிருந்தேன். அவர் வெட்டிய குலை ஒன்று நேராக விழாமல், கீழே தொங்கிய மட்டையில் மோதித் திரும்பி, அவர் காலைப் பார்த்து வந்தது. எங்கள் பக்கத்துக் குலை ஒன்று சின்னப் பிள்ளை கனம் இருக்கும். சத்தம் கேட்டு ஓடினேன். மச்சான் தரையில் உட்கார்ந்திருந்தார். வலது கால், முட்டிக்கும் பாதத்துக்கும் நடுவில், மடங்கக் கூடாத இடத்தில் மடங்கியிருந்தது.

என்னைப் பார்த்து, “மாப்ளே, சாப்பிட்டியா?” என்றார்.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல வேண்டியதில்லை. அங்கே யார்மீதும் எனக்குக் குறையில்லை. எலும்புக்குள் கம்பி வைக்க வேண்டும், அன்றே செய்துவிடலாம் என்றார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு இளம் பெண் டாக்டர் வந்து மச்சான் பக்கத்தில் நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பெயர் லோகேஸ்வரி. மயக்கமருந்து டாக்டர், மேற்படிப்புக்காக வலியைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர். நம் பிள்ளை, நம் பாஷை என்றதும் அக்காவுக்கு உயிர் வந்தது.

“அங்கிள், ஆபரேஷன் முடிஞ்சதும் உங்க முட்டிக்குப் பின்னால, நரம்புக்குப் பக்கத்துல, மெல்லிசா ஒரு டியூப் வெக்கிறேன்,” என்றார். “அது வழியா மரத்துப்போற மருந்து கொஞ்சங் கொஞ்சமா போய்ட்டே இருக்கும். வலி அங்கேயே நின்னுடும், மூளைக்குப் போகாது.”

“கால் மரக்கட்ட மாதிரி ஆயிடுமா டாக்டர்?” என்று அக்கா கேட்டாள்.

“முழுசா மரத்துப்போக விடமாட்டேன் ஆன்ட்டி. என் ரிசர்ச்சே அதுதான். எவ்வளவு கம்மியா மருந்து குடுத்தா வலியும் அடங்கும், ஆபத்தும் தெரியும்னு பார்க்கிறோம். எலும்பு முறிஞ்ச கால்ல சில பேருக்குச் சதை உள்ளுக்குள்ளயே வீங்கும். வீங்க இடமில்லாம ரத்த ஓட்டத்த நெரிச்சுடும். அப்படி ஆச்சுன்னா இந்த மருந்தையும் மீறிப் பயங்கரமா வலிக்கும். அந்த வலிதான் எங்களுக்கு மணி அடிக்கிற மாதிரி. உடனே காலைக் கீறித் திறந்து விட்டோம்னா கால் பொழைச்சுடும். லேட்டானா சதை செத்துடும். கால எடுக்கவேண்டி வந்துடும்.”

அவ்வளவு தெளிவாகச் சொன்னார். எனக்கே புரிந்தது. வலிக்கு சைபரிலிருந்து பத்து வரைக்கும் ஒரு எண் சொல்ல வேண்டும், சைபர் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் உயிர் போகிற வலி என்று விளக்கினார். ஆராய்ச்சியில் சேரச் சம்மதமா என்றும் கேட்டார். மச்சான் தலையாட்டினார்.

“வலிச்சா மறைக்காமச் சொல்லுவீங்கதானே அங்கிள்?”

“சொல்றேன் டாக்டர்,” என்றார் மச்சான். இடது கையால் வலது மணிக்கட்டைப் பொத்திக்கொண்டிருந்தார்.

அந்த மணிக்கட்டில்தான் காப்பு இருந்தது. மஞ்சள் கிழங்கு கோத்த மஞ்சள் கயிறு. ஆபரேஷன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் நர்ஸ் ஒருவர் அதைப் பார்த்துவிட்டுக் கத்தரியை எடுத்தார். கயிறு, நகை எதுவும் உள்ளே போகக் கூடாது என்பது அவர்கள் சட்டம். மச்சான் கையை இழுத்து மார்புக்கடியில் வைத்துக்கொண்டார். கட்டிலே ஆடியது. லோகேஸ்வரி ஓடிவந்து, “வேணாம் மிஸ்ஸி, நான் பாத்துக்கிறேன்,” என்று தடுத்து, கயிற்றின்மேல் மருந்து தடவித் துடைத்து, நாலைந்து சுற்றுப் பிளாஸ்திரி ஒட்டி மூடினார். “எங்கப்பாவும் தீ மிதிச்சவருதான் அங்கிள், எனக்குத் தெரியும்,” என்றார். அக்கா அவர் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

எவ்வளவு நல்ல மனசு. ஆனால் இன்றைக்கு யோசித்தால், அந்த மிஸ்ஸி கொஞ்சம் முந்திக்கொண்டு கயிற்றை அறுத்திருக்கக் கூடாதா என்று எனக்கு அழுகையாக வருகிறது. அறுத்திருந்தால் மச்சான் இரண்டு நாள் எங்கள்மீது கோபமாக இருந்திருப்பார். வேண்டுதல் விழுந்தது என்று அழுதிருப்பார். அதோடு வாயையும் திறந்திருப்பார்.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. மறுநாள் காலையில் நான் போனபோது மச்சான் தலையணையில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருந்தார். கட்டுக்கு வெளியே விரல்கள் மட்டும் தெரிந்தன. பக்கத்தில் மருந்து செலுத்தும் சின்னப் பெட்டி. மலாய் மிஸ்ஸி வந்து, “பக்சிக், சாக்கிட் பெராப்பா?” என்று வலியின் எண்ணைக் கேட்டார்.

“கோசோங்,” என்றார் மச்சான். மலாயில் சைபர். நாங்கள் டெலிபோன் நம்பர் சொல்லும்போதுகூட அப்படித்தான் சொல்வோம்.

லோகேஸ்வரி வந்தார். அவரும் கேட்டார். அவருக்கும் கோசோங். அந்தப் பெண்ணின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். “இவ்வளவு கம்மி மருந்துல இவ்வளவு நல்லா யாருக்குமே வேலை செய்யல அங்கிள்,” என்றார். எனக்கும் பெருமையாக இருந்தது. மச்சான் புன்னகையோடு அவரைப் பார்த்தார்.

“சாப்பிட்டீங்களா டாக்டர்?”

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன்.

“இன்னும் இல்ல அங்கிள், ரவுண்ட்ஸ் முடிச்சிட்டுத்தான்,” என்று டாக்டர் சிரித்தார். மச்சான் திரும்பிப் பக்கத்துக் கட்டில் மலாய்க்காரப் பெரியவரிடம், “சுடா மாக்கான்?” என்று அதையே மலாயில் கேட்டார். தரை துடைத்துக்கொண்டு வந்த பெண்ணிடம் கேட்டார். அப்புறம் என்னிடம். அப்புறம் மறுபடியும் டாக்டரிடம், அவர் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டார் என்பதே ஞாபகமில்லாமல். மேலுதட்டில் பொடிப்பொடியாக வியர்த்திருந்தது. வார்டில் ஏர்கான் நடுங்க வைத்துக்கொண்டிருந்தது.

அக்கா டாக்டரைத் தாழ்வாரத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். “அவரு பொய் சொல்றாரு டாக்டர். அவருக்கு வலிக்குது. ரொம்ப வலிக்குது.”

“எப்படிச் சொல்றீங்க ஆன்ட்டி?”

“எல்லாரையும் சாப்பிட்டியான்னு கேக்குறாரு.”

சொல்லும்போதே அக்காவுக்குத் தெரிந்தது, இதை யாரிடம் சொன்னாலும் பைத்தியம் என்பார்கள் என்று. அந்த டாக்டர் சிரிக்கவில்லை. நேராகக் கட்டிலுக்குத் திரும்பி வந்து, கட்டைத் தளர்த்தி, கெண்டைச்சதையை அமுக்கிப் பார்த்தார். கட்டைவிரலைப் பிடித்து மேல்பக்கமாக வளைத்தார். உள்ளே வீங்கிய கால் என்றால் அந்த நிமிஷம் நோயாளி அலறிவிடுவான் என்று பிறகு எங்களிடம் சொன்னார். மச்சான் அலறவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்திருந்த கை வெளுத்துப்போயிருந்தது.

“டாக்டருக்கு ஊரு எது?” என்றார்.

“பத்தாங் காலி, அங்கிள்.”

“அங்க நல்ல சாப்பாட்டுக் கடை இருக்கா?”

கம்பியைப் பிடித்திருந்த அந்த வெளுத்த கையை டாக்டர் பார்த்தார். வலி மறையாமல் தெரியட்டும் என்று மருந்துப் பெட்டியை நிறுத்தினார். எலும்பு டாக்டர்களுக்குப் போன் போட்டார். கடற்கரைச் சாலையில் வேன் கவிழ்ந்து, அவர்கள் எல்லாரும் ஆபரேஷன் அறைக்குள் ஒருவர்பின் ஒருவராக ஆள்களைத் தைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் கேட்ட கேள்வி எனக்கே காதில் விழுந்தது. ஸ்கோர் எத்தனை? லோகேஸ்வரி கண்ணை மூடித் திறந்து, “சைபர்,” என்றார். “ஆனா எனக்குச் சந்தேகமா இருக்கு, ப்ளீஸ் வந்து பாருங்க.” கையில் இருப்பதை முடித்துக்கொண்டு வருகிறோம் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? ரத்தம் கொட்டுகிறவனை விட்டுவிட்டு, வலியே இல்லை என்கிறவனைப் பார்க்க யார் ஓடிவருவார்கள்?

“ஏன் ஆன்ட்டி சொல்லமாட்டேங்கிறாரு?” என்று டாக்டர் கேட்டபோதுதான் அக்கா காப்பின் கட்டுப்பாட்டைச் சொன்னாள். டாக்டரின் அப்பா மிதித்த கோயிலில் அப்படி ஒரு வழக்கம் இல்லை போலிருக்கிறது. டாக்டர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். தான் ஒட்டிய பிளாஸ்திரியையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் மச்சான் காதருகே குனிந்து, “அங்கிள், வாயால சொல்லவேணாம். விரலக் காட்டுங்க. எத்தனைன்னு விரல மட்டும் காட்டுங்க,” என்று கெஞ்சினார்.

“ஆத்தாவுக்கு விரல் எண்ணத் தெரியாதா டாக்டர்?” என்றார் மச்சான், மெதுவாக.

அக்கா அழ ஆரம்பித்தாள். “எனக்கு ஒண்ணும் ஆகாதுங்க. நான் நல்லாத்தானே இருக்கேன். ஒரு வார்த்த சொல்லிடுங்க.”

“ஒனக்குத் திரும்பி வந்துச்சுன்னா? எந்த டாக்டரு பொறுப்பு?” அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “ஞாயித்துக்கெழம வரைக்கும்தான் புள்ள. அதுக்கப்புறம் எல்லாம் சொல்றேன்.”

“ஞாயித்துக்கெழம கால் இருக்காது மச்சான்!” என்று நான் கத்தினேன். மிஸ்ஸி வந்து என்னை அதட்டினார். நான் வெளியே போய்ப் பூசாரிக்குப் போன் போட்டேன். எங்கள் பூசாரி ஈஜோக் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஜாகா வேலை பார்க்கிறவர். திருவிழா வந்தால் பூசாரி, மற்ற நாளில் வாசல் காவல். கேட் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார் போல, லோரிகளின் இரைச்சலுக்கு நடுவில் நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். காப்பை இப்போதே அவிழ்க்க முடியாதா என்றேன்.

“முடியும்ணே. ஏன் முடியாது? ஆத்தா என்ன கல்நெஞ்சுக்காரியா?” என்றார். “ஆனா கட்டிக்கிட்டவரு கேக்கணும். அவரு வாயால அவுத்துடுங்கன்னு சொல்லட்டும், இப்பவே லீவு சொல்லிட்டு ஓடி வர்றேன். நீங்க கேட்டு நான் அவுத்தா அது செல்லாதுண்ணே.”

டாக்டரும் பூசாரியும் ஒரே பேச்சைத்தான் பேசினார்கள். அவர் வாயால் வர வேண்டும். உலகத்தில் உள்ள அத்தனை மருந்தும் அத்தனை மன்னிப்பும் அந்த ஒரு வாய்க்கு வெளியே காத்துக்கொண்டு நின்றன. நான் போனை மச்சான் காதில் வைத்தேன். சொல்லுங்க மச்சான், ஒரே வார்த்தை.

“பூசாரி,” என்றார் மச்சான். மூச்சு வாங்கினார். “சாப்பிட்டீங்களா?”

போனை வாங்கி அணைத்துவிட்டேன். எனக்கு அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது. காலைப் பிடித்துக் கும்பிட வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. கட்டில் பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான்.

அக்கா திடீரென்று அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பிளாஸ்திரியின் ஓரத்தை நகத்தால் கிளப்பினாள். ஒரு சுற்று பிரிந்து வந்தது. மஞ்சள் தெரிந்தது.

“குமுதா, கைய எடு,” என்றார் மச்சான்.

அதட்டவில்லை. இத்தனை வருஷக் குடித்தனத்தில் அந்தக் குரலை அவள் கேட்டதில்லை என்று பிறகு என்னிடம் சொன்னாள். கையை எடுத்துவிட்டாள். பிரிந்த பிளாஸ்திரியை அவளே திரும்ப ஒட்டி, மேலே தடவிவிட்டாள். அவள் உயிரைக் கட்டிவைத்திருக்கும் கயிறு என்று அவர் நம்புகிற ஒன்றை, அவர் கண் முன்னாலேயே அவள் எப்படி அறுப்பாள்?

எலும்பு டாக்டர்கள் வந்தபோது பாதம் சில்லிட்டிருந்தது. தோல் இறுகிப் பளபளத்தது. பெரிய டாக்டர் தொட்டுப் பார்த்த மறுகணமே கட்டிலைத் தள்ளச் சொல்லிவிட்டார். லோகேஸ்வரி கட்டிலோடு சேர்ந்து ஓடினார். நானும் அக்காவும் கதவுக்கு வெளியே நின்றோம். அக்கா ஆத்தாவையும் கூப்பிடவில்லை, டாக்டரையும் கூப்பிடவில்லை. என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், சின்ன வயதில் நான் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்ற மாதிரி.

கீறித் திறந்தார்கள். உள்ளே சதை செத்துப்போயிருந்தது. அடுத்த நாளும் பார்த்தார்கள், அதற்கும் அடுத்த நாள் முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

அன்று லோகேஸ்வரி தாழ்வாரத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது. “ரத்தத்த அளக்க மெஷின் இருக்குண்ணே. காய்ச்சல அளக்க இருக்கு. வலிய அளக்க எங்ககிட்ட ஒண்ணுமே இல்ல. அவங்க சொல்றதுதான். படிச்சதெல்லாம், ஆராய்ச்சி செஞ்சதெல்லாம், அவங்க உண்மையச் சொல்லுவாங்கன்னு நம்பித்தான்,” என்றார். அவரைத் திட்டலாம் என்று வீட்டிலிருந்தே வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தேன். ஆனால் கையிலிருந்த தண்ணீர்ப் போத்தலைத்தான் அவரிடம் நீட்டினேன். திட்டுவதற்கு யாராவது ஒரு ஆள் கிடைத்திருந்தால் எனக்குப் பாதி பாரம் இறங்கியிருக்கும்.

காலை எடுத்த பிறகும் மிஸ்ஸி கேட்டபோதெல்லாம் மச்சான் கோசோங் என்றே சொன்னார். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் உறுமி அடித்தார்கள். நான் போகவில்லை. மச்சான் படுக்கையிலேயே நீராகாரம் மட்டும் குடித்து விரதத்தை முடித்தார்.

மறுநாள் மத்தியானம் பூசாரி ஜாகா சட்டையோடு வந்தார். மினரல் வாட்டர் போத்தலில் மஞ்சள் தண்ணீர், ஒரு எலுமிச்சம்பழம், விபூதிப் பொட்டலம். கட்டில் ஓரத்தில் நின்று மச்சான் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். பிளாஸ்திரியை மெதுவாகப் பிரித்தார். கயிறு நனைந்து நிறம் மங்கியிருந்தது. தண்ணீர் தெளித்து முடிச்சை அவிழ்த்தார்.

“நான் பூக்குழி எறங்கலியே பூசாரி,” என்றார் மச்சான்.

“ஒங்க பேரச் சொல்லி, ஒங்க வேட்டியத் தலையில வெச்சுக்கிட்டு நான் எறங்கினேண்ணே. ஆத்தா ஏத்துக்கிட்டா. மனசு குளுந்துட்டா.”

“அப்போ மூணு வருசமும் முடிஞ்சுதா?”

“முடிஞ்சுதுண்ணே.”

“எல்லாம் முடிஞ்சுதா?”

“எல்லாம் முடிஞ்சுது.”

மச்சான் அக்காவைப் பார்த்தார். “ஒனக்கு ஒண்ணும் இல்லையே?” என்றார். இல்லைங்க என்று அவள் தலையாட்டினாள். அவர் நெஞ்சில் அடைத்திருந்த காற்றெல்லாம் வெளியே வந்தது.

அந்த நேரத்தில்தான் லோகேஸ்வரி வந்தார். தினமும் வருவார். வந்து, கேட்டு, அதே பதிலை வாங்கிக்கொண்டு போவார். அன்றும் தலையை நிமிர்த்தாமலேயே கேட்டார், “அங்கிள், இன்னிக்கு வலி எத்தனை?”

“பத்து, டாக்டர்.”

டாக்டர் நிமிர்ந்தார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“எங்க அங்கிள்? தொடையிலயா? தையல் போட்ட எடத்துலயா?”

மச்சான் கையை நீட்டினார். போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தை, வலது பாதம் இருந்திருக்க வேண்டிய இடத்தைக் காட்டினார். “பாதத்துல. கட்டவெரல்லேர்ந்து எரியுது. நெருப்புல வெச்ச மாதிரி எரியுது டாக்டர். அன்னிலேர்ந்து எரியுது. எனக்குத் தாங்கல. ஏதாச்சும் செய்யுங்க. வலிக்குது. ரொம்ப வலிக்குது.” சொல்லிக்கொண்டே சின்னப்பிள்ளைபோல ஓவென்று அழுதார். ஒருநாளும் சொல்லாததையெல்லாம் சேர்த்து அன்றைக்கே சொல்லித் தீர்த்துவிட வேண்டும் என்பதுபோல வலிக்குது, வலிக்குது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

லோகேஸ்வரி கட்டிலின் கால்மாட்டுக்கு வந்தார். அவர் கை போர்வைமேல் போய், பாதியில் நின்றது. எடுத்துவிட்ட காலிலும் வலி வரும், மூளைக்குக் கால் போனது தெரியாது, மாத்திரை தருகிறேன், சிலருக்கு அடங்கும், சிலருக்கு வருஷக்கணக்கில் அடங்காது என்று என்னிடம் சொன்னார். அவர் குரல் எனக்கு எங்கேயோ தூரத்தில் கேட்டது.

அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஒன்றுமில்லாத அந்த இடத்தில் கையை வைத்து, போர்வையை மெதுவாக நீவிவிட ஆரம்பித்தாள்.

“இங்கயாங்க?”

“இன்னும் கொஞ்சம் கீழ, புள்ள.”

அக்கா கையைக் கொஞ்சம் கீழே இறக்கினாள்.